72 மணி நேரப் பட்டினியில் மூளைக் குப்பை கரையுமா? ஆட்டோபேஜி, முதுமை, நரம்புச் சிதைவு பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேன்சிட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் அல்சைமர், தொடக்க நிலை என்று சொன்னார்கள். மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. 72 மணி நேரம் வெறும் தண்ணீரோடு இருந்தால் ஆட்டோபேஜி தொடங்கிவிடும், மூளையில் தேங்கிய குப்பைப் புரதத்தை எல்லாம் செல்லே தின்றுவிடும், மறதி நோய் திரும்பிப் போய்விடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று. தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். அவனும் அம்மா மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறான், அதனால் என்னால் கோபப்படவும் முடியவில்லை. 72 மணி நேரம் வேண்டாம், முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம் என்று நான்கு நாள் செய்தோம்.

நான்காவது நாள் விடிகாலை சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா விளக்கைக்கூடப் போடாமல், ஒரு கையில் பாத்திரத்தின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. எதைத் தேடி வந்தோம் என்பது மறந்துவிட்டது, வந்த காரணம் மட்டும் உடம்பில் இருந்திருக்கிறது. அன்றோடு நிறுத்திவிட்டேன். தம்பிக்கு வருத்தம்.

எனக்கு இரண்டு கேள்வி. ஆட்டோபேஜிக்கும் இந்த நோய்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இருந்தால் பட்டினி போட்டு அதைத் தூண்டுவது அம்மாவுக்கு உதவுமா? தயவுசெய்து தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

கதிர்82

சகோ, அம்மா சீக்கிரம் நலம்பெறட்டும். உங்கள் தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கொடுத்தது இந்த ஆட்டோபேஜிக்காகத்தான். பட்டினி போட்டால் செல் தன்னிடமிருக்கும் பழைய சரக்கைத் தின்று உயிர் பிழைக்கிறது, இது நிரூபணமான விஷயம். நான் இரண்டு வருடமாக ஒரு நாளில் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறேன், எடை குறைந்தது, சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. 71 வயதில் 72 மணி நேரம் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழி சரியான வழிதான் என்று நினைக்கிறேன்.

ஆய்வக ஆந்தை

தேன்சிட்டு, முதலில் ஒன்று: இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்தது சரியான முடிவு. ஏன் என்று கடைசியில் வருகிறேன். நான் வேலை பார்ப்பது நரம்பு செல்களில் இந்த ஆட்டோபேஜியைப் படிக்கும் ஓர் ஆய்வகத்தில், எட்டு வருடமாக இதுதான் என் சோறு. அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன்.

நோபல் பரிசு எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அந்தக் குழுச் செய்தியில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. செல்லுக்குள் லைசோசோம் என்ற சின்னஞ்சிறு அமிலப் பை இருப்பதை 1955இல் கண்டறிந்தவர் கிறிஸ்டியன் டி டூவ். 1963இல் ‘ஆட்டோபேஜி’ என்ற பெயரை வைத்தவரும் அவரே. தமிழில் தன்னுண்ணல் என்கிறார்கள், நல்ல சொல். ஆனால் எந்த மரபணுக்கள் இதை நடத்துகின்றன என்பது அதற்கப்புறம் முப்பது வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. ஓசுமி 1988இல், 43 வயதில், தனியாக ஓர் ஆய்வகம் தொடங்கினார். எடுத்துக்கொண்டது ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் சாதாரண ஈஸ்ட். ஈஸ்டில் லைசோசோமின் வேலையைச் செய்வது வாக்குவோல் என்ற பெரிய பை. செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்து, அதைப் பட்டினி போட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். அரை மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் தோன்றித் துள்ளிக்கொண்டிருந்தன, மூன்று மணி நேரத்தில் பை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நொதி இல்லாததால் உள்ளே வந்த சரக்கு செரிக்காமல் தேங்கியது, அதனால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் தேவைப்படும். கடைசிப் படி அடைபட்டபோதுதான் உருண்டைகள் நிறையத் தெரிந்தன.

1993இல் இந்த வேலை செய்யாத 15 வகை ஈஸ்ட்களை அவருடைய குழு பிரித்துக் காட்டியது. அந்த மரபணுக்களைத்தான் இன்று ஏடிஜி என்கிறோம், பெரும்பாலானவற்றுக்கு இணையானவை நம் உடம்பிலும் இருக்கின்றன. நோபல் இதற்கு. பட்டினி இருந்தால் மறதி நோய் போகும் என்பதற்கு இல்லை.

செல்லுக்குள் நடப்பது என்னவென்றால், வேண்டாத பொருளைச் சுற்றி இரட்டைச் சவ்வு ஒன்று வளைந்து வளைந்து வளர்ந்து, வாய் மூடி, ஒரு பையாகிறது. அதன் பெயர் ஆட்டோபேகோசோம். அது லைசோசோமோடு ஒட்டிக் கலக்கிறது. லைசோசோமின் அமிலமும் நொதிகளும் உள்ளே இருப்பதை உடைக்கின்றன, அமினோ அமிலங்கள் வெளியே வந்து திரும்பப் பயன்படுகின்றன. கூட்டுவது, மூட்டை கட்டுவது, சுமப்பது, எரிப்பது, சாம்பலை உரமாக்குவது என்று ஐந்து ஆள் செய்யும் வேலை. ஒருவர் படுத்துவிட்டாலும் தெரு நாறும்.

இப்போது நரம்பு செல்லுக்கு வருவோம். தோல், குடல் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால் குப்பை இரண்டாக, நான்காகப் பங்கு போட்டுக் கரைந்துவிடும். நரம்பு செல் பிரிவதில்லை. 71 வயது அம்மாவின் மூளையில் இருக்கும் நரம்பு செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வயது 71. அவ்வளவு காலமும் தன் குப்பையைத் தானே அள்ளியாக வேண்டும்.

2006இல் ஜப்பானின் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரு சோதனையை வெளியிட்டன. ஒரு குழு எலியின் நரம்பு செல்களில் மட்டும் ஏடிஜி5 மரபணுவை நீக்கியது, இன்னொரு குழு ஏடிஜி7ஐ. அந்த எலிகளுக்கு அல்சைமர் மரபணுவும் இல்லை, பார்க்கின்சன் மரபணுவும் இல்லை, வெளியிலிருந்து கெட்ட புரதம் எதையும் செலுத்தவில்லை. ஆனாலும் நடை தள்ளாடியது, செல்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்ந்தன. ஏடிஜி7 இல்லாத எலிகளில் நரம்பு செல்கள் கூட்டமாக மடிந்தன, அவை 28 வாரத்துக்குள் இறந்தன. அதாவது தினசரி துப்புரவை நிறுத்தினாலே போதும், நரம்புச் சிதைவு வந்துவிடும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், தொடர்பு இருக்கிறது, ஆழமான தொடர்பு.

தேன்சிட்டு

மிக்க நன்றி. முதல் தடவையாக ஒருவர் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் வயதாகும்போது இந்தத் துப்புரவு குறைகிறதா? குறைந்தால் தூண்டிவிடுவதுதானே சரி? தம்பி கேட்பதும் இதையேதான்.

ஆய்வக ஆந்தை

குறைகிறது. எந்த இடத்தில் குறைகிறது என்பதில்தான் விஷயம்.

ஆட்டோபேஜி ஒன்றல்ல. மூட்டை கட்டும் வகையை மேலே சொன்னேன். இன்னொன்று, துணைப் புரதம் ஒன்று கெட்டுப்போன புரதத்தைக் கையைப் பிடித்து லைசோசோமின் வாசலுக்கு அழைத்துப் போய் உள்ளே நுழைய வைக்கும் வகை. அந்த வாசலின் பெயர் லேம்ப்-2ஏ. அனா மரியா குவெர்வோவும் ஃப்ரெட் டைஸும் 2000இல் காட்டினார்கள்: வயதான எலிகளின் கல்லீரலில் வாசல்களின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. 2008இல் குவெர்வோ குழு, கல்லீரலில் வாசல் குறையாதபடி மரபணுவை மாற்றிய எலிகளைக் கிழவயது வரை வளர்த்துப் பார்த்தது. கெட்ட புரதம் குறைவாகச் சேர்ந்திருந்தது, கல்லீரல் இளம் எலியினுடையதைப் போல வேலை செய்தது. எனக்கு இந்தத் துறைமேல் ஆசை வந்ததே அந்தக் கட்டுரையைப் படித்துத்தான். முதுமையில் ஒரு பகுதியையாவது பழுதுபார்க்கலாம் என்று முதன்முதலாக நம்பினேன்.

மூளையில் பார்க்கலாம். என் வேலையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். நரம்பு செல்லின் உடலிலிருந்து ஆக்சான் என்ற நீண்ட வால் போகிறது. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் தசை வரை போகும் ஆக்சான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இந்தத் துப்புரவு மூட்டைகள் பெரும்பாலும் வாலின் நுனியில் உருவாகின்றன, ஆனால் நன்றாக எரிக்கும் லைசோசோம்கள் அதிகம் இருப்பது செல் உடலின் பக்கம். அதனால் மூட்டை தண்டவாளத்தில் போவதுபோல நுனியிலிருந்து உடலை நோக்கிப் பயணம் செய்கிறது, வழியில் லைசோசோம்களோடு கலந்து மெல்ல மெல்ல அமிலமாகிறது. பச்சை ஒளி தரும் புரதத்தை மூட்டையில் ஒட்டி, இருட்டு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால், கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி இடமிருந்து வலமாக நகரும். வேகம் விநாடிக்கு அரை மைக்ரோமீட்டர் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மீட்டரைக் கடக்க 23 நாள். வயதான எலியின் நரம்பு செல்லில் அதே திரை வெறிச்சென்று இருக்கும், புள்ளிகள் குறைவு, இருப்பவற்றில் சில பாதி உருவாகி நின்றுபோயிருக்கும். எரிகா ஹோல்ஸ்பவர் ஆய்வகம் 2019இல் இதை அளந்து காட்டியது, விப்பி2பி என்ற ஒரு புரதத்தைக் கூட்டிக் கொடுத்தபோது வயதான செல்லிலும் மூட்டைகள் திரும்ப உருவாயின. அந்த ஆய்வில் நான் இல்லை, ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

கடைசியில் லைசோசோம். வயதாக ஆக அதற்குள் லைப்போஃபுசின் என்ற மஞ்சள் பழுப்பு நிறக் கசடு சேர்கிறது. எந்த நொதியாலும் அதை உடைக்க முடியாது. அடுப்பு இருக்கிறது, ஆனால் சாம்பல் நிரம்பிய அடுப்பு.

இப்போது உங்கள் தம்பியின் கேள்வி. அடுப்பு நிரம்பியிருக்கும்போது மூட்டைகளை மட்டும் அதிகமாகக் கட்டி அனுப்பினால் என்ன ஆகும்? 2017இல் சி. எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவில் ஒரு சோதனை. இளம் வயதில் ஆட்டோபேஜியின் தொடக்கப் படியை நிறுத்தினால் புழுவுக்குக் கெடுதல். ஆனால் முட்டையிடும் காலம் முடிந்த கிழப் புழுவில், அதுவும் நரம்பு செல்களில், அதே படியை நிறுத்தியபோது ஆயுள் கூடியது. கிழ வயதில் பின்படிகள் பழுதாகி, முடிக்க முடியாத வேலையைத் தொடங்குவதே செல்லுக்குத் தொல்லையாகிவிடுகிறது என்று விளக்கினார்கள். புழுவுக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் “அதிகம் என்றால் நல்லது” என்ற எண்ணத்தை இது அசைத்துவிட்டது.

இரவுப்பணி

நரம்பியல் பிரிவில் செவிலியர் நான். ஆந்தை சொன்ன அறிவியலுக்குள் போகவில்லை, நோயாளிப் பக்கமிருந்து இரண்டு வார்த்தை.

மறதி நோய் உள்ளவர்களுக்கு எடை தானாகவே குறையும். சாப்பிட மறப்பார்கள், மணம் தெரியாது, விழுங்கச் சிரமம் வரும். எடை வேகமாகக் குறைகிறவர்களுக்கு நோயும் வேகமாகப் போவதைப் பார்க்கிறோம். அதோடு பட்டினியும் சேர்ந்தால் தசை கரையும், விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும், படுக்கையில் விழுந்தால் மறுபடி எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும், தாழ்ந்தாலும் அவரால் சொல்லத் தெரியாது. தேன்சிட்டு, அந்த விடிகாலையில் நீங்கள் முழித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. அம்மாவின் எடையை வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டு போங்கள்.

பார்க்கின்சன் பற்றியும் யாராவது எழுதுங்களேன். எங்கள் பிரிவில் அதுதான் அதிகம்.

ஆய்வக ஆந்தை

இரவுப்பணி, எழுதியதற்கு நன்றி. பார்க்கின்சனில் இந்தக் கதை இன்னும் தெளிவு.

சின்ன வயதில் வரும் பார்க்கின்சனுக்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் பார்க்கின், பிங்க்1. முதலாவது 1998இலும் இரண்டாவது 2004இலும் கிடைத்தன. என்ன செய்கின்றன என்பது வெகுநாள் புதிர். 2008இல் ரிச்சர்ட் யூல் ஆய்வகம் பார்த்தது: செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்டிரியா பழுதானால் பார்க்கின் ஓடிப்போய் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது, ஆட்டோபேஜி வந்து அந்தப் பழுதானதை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது. பிங்க்1 பழுதைக் கண்டு கொடி காட்டும், பார்க்கின் அந்தக் கொடியைப் பார்த்து வரும். கொடி காட்ட ஆளில்லாவிட்டால் புகை கக்கும் மைட்டோகாண்டிரியா உள்ளேயே கிடக்கும்.

ஆல்ஃபா-சைனியூக்ளின் என்று ஒரு புரதம், பார்க்கின்சன் மூளையில் கட்டி கட்டியாகச் சேர்வது அதுதான். மேலே சொன்ன லேம்ப்-2ஏ வாசல் வழியாக அது போக வேண்டும். குவெர்வோ 2004இல் காட்டியது, குடும்பத்தில் பரம்பரையாக வரும் பார்க்கின்சனில் மாறிப்போன சைனியூக்ளின் வாசலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் போகாமல் நகரவும் செய்யாமல் நிற்கிறது. பின்னால் வரும் மற்றப் புரதங்களும் போக முடியாது.

அப்புறம் ஜிபிஏ1. லைசோசோமுக்குள் ஒரு கொழுப்பை உடைக்கும் நொதியின் மரபணு இது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் கோஷே என்ற பரம்பரை நோய். ஒன்று மட்டும் பழுதானால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேரிடம் இந்த மாற்றம் இருக்கிறது, மரபணு வழி ஆபத்துகளில் மிகப் பரவலானது இது. மறுபடி பாருங்கள், பழுது மூட்டை கட்டும் இடத்தில் இல்லை, அடுப்பில்.

ஆம்ப்ராக்ஸால் என்ற பழைய இருமல் மருந்து இந்த நொதிக்குத் தாங்குகோலாக நின்று அதை லைசோசோமுக்குக் கொண்டுசேர்க்கும் என்று தெரிந்து, 2020இல் 17 பேரிடம் சிறிய சோதனை ஒன்று நடந்தது. மருந்து மூளைத் தண்டுவட நீர் வரை போய்ச் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு அதில் இல்லை, ஆகவே பலன் தருகிறதா என்பதற்குப் பெரிய சோதனை பிரிட்டனில் நடக்கிறது. இருமல் மருந்துதானே என்று யாரும் தாமாக வாங்கிக் குடிக்க வேண்டாம், அந்தச் சோதனைகளில் கொடுக்கும் அளவு இருமலுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு.

கதிர்82

ஆந்தை, நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. எலிகளைப் பட்டினி போட்டால் மூளை செல்களில் ஆட்டோபேஜி கூடுகிறது என்று 2010இல் கட்டுரை வந்திருக்கிறதே? ராபமைசின் என்ற மருந்து கொடுத்த எலி நீண்ட நாள் வாழ்ந்ததே? அதுவும் ஆட்டோபேஜி வழியாகத்தானே?

ஆய்வக ஆந்தை

நல்ல கேள்வி கதிர், மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

2010 கட்டுரை உண்மை. 24 மணி, 48 மணி நேரம் உணவில்லாமல் இருந்த எலிகளின் மூளைப் புறணியிலும் சிறுமூளையிலும் ஆட்டோபேகோசோம்கள் கூடியிருந்தன. ஆனால் 2004இல் நோபொரு மிசுஷிமா குழு இதே மாதிரி பட்டினி போட்டு உடம்பு முழுக்கப் பார்த்தது. கல்லீரல், தசை, இதயம் எல்லாவற்றிலும் கூடியது, மூளையில் கூடியதாகத் தெரியவில்லை. உடம்பு பட்டினியில் மூளைக்குத்தான் கடைசி வரை சோறு போடுகிறது, அதனால் இது ஆச்சரியமில்லை. இரண்டு முடிவும் நம் முன்னால் இருக்கின்றன. இன்னொன்று, எலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது நமக்கு ஒரு நாள் பட்டினி மாதிரி இல்லை. அதன் உடல் வேகம் வேறு, ஒரே நாளில் உடல் எடையில் கணிசமான பங்கு போய்விடும். “16 மணி நேரத்தில் தொடங்கும், 72இல் உச்சம்” என்று படம் போட்டு வருகிறதே, உயிரோடிருக்கும் மனித மூளைக்குள் ஆட்டோபேஜி ஓட்டத்தை மணிக்கணக்கில் அளக்கும் கருவியே இன்றைக்கு இல்லை. அந்த மணிக்கணக்கை எங்கிருந்து எடுத்தார்கள்?

அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது, ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆட்டோபேகோசோமை எண்ண நாங்கள் எல்சி3 என்ற புரதத்தைப் பார்க்கிறோம், ஓசுமியின் ஈஸ்டில் இருந்த ஏடிஜி8இன் உறவு அது. எல்சி3 கூடினால் ஆட்டோபேஜி கூடிவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் கழிவு நீர் தெருவில் நிறைய நின்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், தண்ணீர் அதிகம் வருகிறது அல்லது சாக்கடை அடைத்திருக்கிறது. முதலில் சொன்ன ஈஸ்ட் காட்சியை நினைத்துப் பாருங்கள். குளோரோகுயின் போட்டு லைசோசோமை நிறுத்தினாலும் எல்சி3 கூடும்! அதனால் எண்ணிக்கை போதாது, ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நானே முதல் வருடத்தில் ஒரு மருந்து ஆட்டோபேஜியைக் கூட்டுகிறது என்று மூன்று மாதம் சந்தோஷப்பட்டு, பிறகு அது லைசோசோமை அடைக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

அல்சைமரில் இதுவேதான் நடந்தது. ரால்ஃப் நிக்சன் குழு 2005இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் வீங்கிய நரம்பு இழைகளுக்குள் ஆட்டோபேஜிப் பைகள் குவிந்து கிடப்பதைக் காட்டியது. துப்புரவு மும்முரம் என்று தோன்றும். இல்லை, போக்குவரத்து நெரிசல். 2022இல் அதே குழு ஐந்து வகை அல்சைமர் எலிகளில் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தது. செல்லுக்கு வெளியே அமிலாய்டு என்ற, அல்சைமர் மூளையில் சேரும் புரதத்தின் படலம் தெரிவதற்கு முன்பே, செல்லுக்குள் லைசோசோமின் அமிலத்தன்மை குறைந்துவிடுகிறது. செரிக்காத பைகள் அமிலாய்டோடு வீங்கி, நடுவில் இருக்கும் கருவைச் சுற்றிச் செல்லின் சவ்வை வெளியே தள்ளி, பூவிதழ் மாதிரி விரிந்து நிற்கின்றன. அதற்குப் பாந்தோஸ் என்று பெயர் வைத்தார்கள். மனித மூளையிலும் அதைப் பார்த்தார்கள். நாம் வெளியே பார்க்கும் அமிலாய்டுப் படலத்தில் பல அப்படி வெடித்துச் செத்த ஒரு நரம்பு செல்லின் கல்லறை என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, நான் பெரும்பாலும் ஏற்கிறேன்.

ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில் இன்னொரு விதம். 2010இல் பார்த்தார்கள், மூட்டை சரியாக உருவாகிறது, சரியாகப் பயணிக்கிறது, உள்ளே திறந்து பார்த்தால் காலி. என்னத்தை அள்ள வேண்டும் என்று அடையாளம் காணும் படி பழுது. இங்கே தூண்டிவிட்டால் இன்னும் நிறையக் காலி மூட்டை கிடைக்கும்.

ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பு நோயில் டிபிகே1, ஆப்டிநியூரின், பி62 என்று குப்பைக்கும் மூட்டைக்கும் நடுவே நின்று கைகோக்கும் புரதங்களின் மரபணுக்களே பழுதாகின்றன. இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

ராபமைசின்: 2009இல் 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது நம் கணக்கில் அறுபது வயதுக்காரர்களுக்கு, கொடுக்கத் தொடங்கியும் ஆயுள் கூடியது, பெண் எலிகளுக்கு 14, ஆண் எலிகளுக்கு 9 சதவீதம். பெரிய செய்திதான். ஆனால் ராபமைசின் அழுத்துவது எம்டார் என்ற தலைமைக் குமிழை. அது புரத உற்பத்தி, நோய் எதிர்ப்பு என்று பலதையும் ஆட்டும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து அது. ஆயுள் முழுக்க ஆட்டோபேஜியால்தான் கூடியது என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கம் இன்னும் வலுவான சான்று வேண்டுமென்றால் நானே தருகிறேன்: பெத் லெவின் குழு 2018இல், பெக்லின்1 என்ற தொடக்கப் புரதத்தின் மேலிருந்த பிரேக்கை மட்டும் எடுத்துவிட்ட எலிகளைக் காட்டியது. அவை நீண்ட நாள் வாழ்ந்தன, ஆரோக்கியமாகவும் வாழ்ந்தன. ஆனால் அவற்றுக்கு அந்த மாற்றம் பிறவியிலிருந்தே இருந்தது. அடுப்பு நன்றாக எரியும் வயதிலிருந்தே குப்பை சேராமல் பார்த்துக்கொண்டன. நோய் வந்த பிறகு தொடங்குவது வேறு கதை.

வெண்கொக்கு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது. என் மகளுக்கு 9 வயது. அவளுக்கு டபிள்யூடிஆர்45 என்ற மரபணுவில் மாற்றம். ஆந்தை அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அது ஆட்டோபேஜி மரபணு. நாலு வயது வரை வலிப்பு, பேச்சு வராதது, நடை தாமதம் என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். மரபணுச் சோதனை முடிவு வந்த அன்றுதான் இந்தச் சொல்லையே முதலில் கேட்டேன். வாலிப வயதில் நடை இறுகும், நினைவு குறையும், மூளையின் நடுப்பகுதியில் இரும்பு படியும் என்று படித்தேன்.

இப்போது அவள் ‘அப்பா’ என்று சொல்வதில்லை, ஆனால் நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் வந்து நின்று உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டுவாள். தேன்சிட்டு, பாசத்தில் எதையாவது செய்தாக வேண்டும் என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. நானும் எத்தனையோ பொடி, மாத்திரை வாங்கினேன். உங்கள் தம்பியிடம் கடிந்து பேசாதீர்கள்.

ஆந்தை, ஒரு கேள்வி. ஆட்டோபேஜி மரபணு பழுதாகப் பிறந்தும் பிள்ளைகள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்? ஏடிஜி5 இல்லாத எலி பிறந்த ஒரு நாளில் செத்துவிடும் என்று படித்தேன், அதிலிருந்து பயம்.

ஆய்வக ஆந்தை

வெண்கொக்கு, அந்த இரண்டு தட்டலை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் பயத்துக்கு நேர் பதில் இருக்கிறது. டபிள்யூடிஆர்45க்குச் சகோதர மரபணுக்கள் உண்டு, மேலே நான் சொன்ன விப்பி2 அந்தக் குடும்பம்தான். ஒன்று பழுதானால் மற்றவை ஓரளவு தாங்கும், ஓட்டம் குறையுமே தவிர நிற்பதில்லை. அந்த எலிகளில் பாதையே மூடப்பட்டிருந்தது, ஆகவே அதை உங்கள் மகளோடு ஒப்பிட வேண்டாம். இன்னொன்று, 2021இல் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 12 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஏடிஜி7 மரபணு இரண்டு பக்கமும் பழுது, சிலரிடம் அந்தப் புரதமே ஏறக்குறைய இல்லை. எலிக் கணக்குப்படி அவர்கள் பிழைத்திருக்கவே கூடாது. நடையில் தள்ளாட்டமும் வளர்ச்சித் தாமதமும் இருக்கின்றன, ஆனாலும் வாழ்கிறார்கள், வளர்ந்த பெரியவர்களும் அவர்களில் உண்டு. மனித செல் வேறு வழிகளைக் கண்டுபிடித்துச் சமாளிக்கிறது. அந்த வழிகள் எவை என்று தேடுவதுதான் இன்றைக்கு இந்தத் துறையில் நடக்கும் முக்கியமான வேலைகளில் ஒன்று.

கதிர்82

வெண்கொக்கு அண்ணா, படித்துக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு என் அன்பு.

ஆந்தை, எலிக்குப் பிறவியிலிருந்தே என்ற அந்தக் கருத்து எனக்கு உறைத்தது. நான் 16 மணி நேர வழக்கத்தை விடப் போவதில்லை, சர்க்கரைக்காக அது எனக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் என் அனுபவத்தை ஒரு 71 வயது அல்சைமர் நோயாளிக்கு நீட்டியது தப்பு. தேன்சிட்டு சகோ, மன்னிக்கவும். கடைசியாக ஒன்று மட்டும், ஸ்பெர்மிடின் மாத்திரை ஆட்டோபேஜியைத் தூண்டும் என்று விற்கிறார்களே?

ஆய்வக ஆந்தை

ஈஸ்ட், ஈ, எலி எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. மனிதரில், நினைவு குறைவதாக உணர்ந்த 100 முதியவர்களுக்கு 12 மாதம் கொடுத்த சோதனை 2022இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

உடற்பயிற்சி பற்றி யாரும் கேட்கவில்லை. 2012இல் எலிகள் ஓடியபோது தசையிலும் மூளையிலும் ஆட்டோபேஜி கூடியதைப் பெத் லெவின் குழு காட்டியது. அதுவும் எலிதான். ஆனால் அம்மா தினமும் நடந்தால் அந்தக் கணக்கு பலிக்காவிட்டாலும் கால் தசை மிஞ்சும், தூக்கம் வரும், இழப்பதற்கு ஒன்றுமில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும்.

தேன்சிட்டு

இந்த இழையை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் “அக்கா, அடுப்பில் சாம்பல் நிரம்பியிருக்கும்போது நான் விறகைத் திணித்துக்கொண்டிருந்தேனா” என்று கேட்டான். வெண்கொக்கு அண்ணா சொன்னபடி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று அம்மாவின் எடை பார்த்தோம், போன மாதத்தைவிட ஒன்றரை கிலோ குறைவு. தாளில் குறித்துவிட்டேன், இரவுப்பணி. சாயங்காலம் தம்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தான். வந்ததும் அம்மா அவரே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆந்தை, ஏஎல்எஸ் இழையைத் தொடங்கியதும் இணைப்பை இங்கே போடுங்கள். தம்பியும் படிக்க வேண்டும் என்கிறான்.